மூச்சுமுட்டியில் பெரிய டயர்

உடையாது. ஆக்ஸில் உடையாது. உடையாது என்றால் உடையாது, அதற்கு மேல் அதில் பேச என்ன இருக்கிறது என்று மொக்கராசு செக்போஸ்ட்டைத் தாண்டியதிலிருந்து பல்லுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார். வெளியே ஒரு சொல் விடவில்லை. விட்டால் பின்சீட்டில் இருக்கிற தாகிர் பிடித்துக்கொள்வான். பிடித்துக்கொள்ளத்தானே வந்திருக்கிறான். போடியில் ஒர்க்‌ஷாப்பை இழுத்துச் சாத்திவிட்டு, மாற்று ஆக்ஸில் ஷாஃப்ட் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கைப்பிள்ளை மாதிரி மடியில் கிடத்திக்கொண்டு வருகிறான் மெக்கானிக். எதுக்குடா அது என்று கேட்டதற்கு, "ஒடைஞ்சா மாத்தணும்ல மாமா, காட்டுக்குள்ள மொளச்சா கெடக்கு" என்றான். வண்டி கிளம்புமுன்பே ஒடிந்த பேச்சு. இவன் வாயில் கிரீஸைத்தான் அடைக்க வேண்டும். ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். ஜீப்புக்கு மாட்டியிருக்கிற நாலு டயரும் அதற்கு உரிய டயர் இல்லை, அதைவிட ரெண்டு சைஸ் பெரியது. மற்றதெல்லாம் கம்பெனியில் பிறந்தபடியே இருக்கிறது, ஆக்ஸில், பேரிங், பிரேக் எல்லாம். "செருப்பைப் பெருசாப் போட்டா கணுக்காலு பெருக்குமா மாமா?" மாட்டுகிற அன்றைக்கே கேட்டான். கேட்டுவிட்டு மட்கார்டை வெட்டிக்கொடுத்தவனும் அவன்தான். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களுக்கு ஒரு வாரம் தீனி. மொக்கராசு வண்டிக்கு ஆனைக்கால் வந்திருச்சுடோய். வரட்டும். ஆனை எந்த மேட்டில் இறங்கித் தள்ளிவிட்டுப் போகிறது?

ஸ்டியரிங் கனத்தது. தோள்பட்டை வரைக்கும் கனம் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் முன்டயர் வெட்டின மட்கார்டு ஓரத்தை உரசி ஒரு முனகல் முனகியது, மழையில் நனைந்த மண்ணும் ஏலக்காய்ச் செடியின் பச்சை வாடையும் டீசலும் கலந்து மூக்கில் ஏறின. இவர் கால் சும்மா இருக்க மாட்டேன் என்றது. வலது கால். வாயால் பேசாததையெல்லாம் அந்தக் காலால் பேசியே ஒரு ஆயுசு போயிருக்கிறது. கோபமா, மிதி. சந்தோஷமா, மிதி. முன்னால் போகிற வண்டி நகரவில்லையா, மிதி. டீ ஆறுவதற்குக் காத்திருந்தது கிடையாது, நாக்குச் சுட்டே குடித்த டீ எல்லாம். சாமி ஊர்வலத்திலேயே ஹாரன் அடித்த ஆள் என்று பொண்டாட்டி பவுனுத்தாய் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இந்தப் பெரிய டயரோ காலைக் கட்டிப்போடச் சொல்கிறது. தாகிர் விரல் மடக்கிச் சொன்னான்: ஆக்ஸில் சும்மா ஒடியாது மாமா, சக்கரம் காத்துல சுத்தும் பாரு, சுத்திக்கிட்டு இருக்கையிலேயே திடீர்னு தரை கெடைக்கும் பாரு, அந்த வெட்டுலதான் முறுக்கி ஒடியும், சின்ன டயருன்னா வழுக்கி விட்டுரும், இது விடாது, இது புடிச்சா உடும்பு. அதனால மிதிக்காத. அவ்வளவுதான். மிதிக்காத. எளிதாகச் சொல்லிவிட்டான். மீனைப் பார்த்து நீந்தாதே என்கிற மாதிரி. ஸ்பீடோமீட்டர் வேறு பொய் சொல்கிறது, டயர் பெருத்ததிலிருந்து அது காட்டுவதைவிட வண்டி வேகமாகத்தான் போகிறது. மெதுவாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வேகமாகப் போகிற வண்டி. பிரேக்கையும் முன்னைவிட முன்னாலேயே அமுக்க வேண்டியிருக்கிறது. எல்லாம் முன்னாலேயே. வயசானவனுக்கு மூத்திரம் மாதிரி. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

"எதுக்குய்யா சிரிக்கிற?" என்றாள் பக்கத்தில் இருந்த பவுனுத்தாய். பார்த்துவிட்டாள். எப்போதும் பார்த்துவிடுவாள். "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லாததுக்குச் சிரிச்சா அதுக்கு வேற ஆசுபத்திரி இருக்கு." பின்னால் தாகிர் சிரித்தான், "அத்தை, அங்கயும் நான்தான் கூட்டிட்டுப் போகணும்." அவள் இடுப்புக்குக் கீழே தலையணை, முதுகுக்கு ஒரு தலையணை, நாலுகால் ஊன்றுகோல் முழங்கால்களுக்கு நடுவில். இடுப்பெலும்பு முறிந்து, கம்பி வைத்துத் தைத்து, மகள் கலாராணி வீட்டில் மழைக்காலம் பூராவும் கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் வீட்டுக்குப் போகிறாள். குண்டும் குழியும் வரும்போது அவள் வாய் மூடும், கை கதவுக் கம்பியைப் பிடிக்கும், அந்தப் பிடியை இவர் கண்ணால் பார்க்கவில்லை, ஸ்டியரிங் வழியாகவே தெரிந்தது. வலிக்கிறதா என்று கேட்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள். மகள் சொன்னாள், அம்மா இங்கயே இருக்கட்டும்ப்பா, மேல ரோடே கெடையாது, மறுபடி ஒண்ணுன்னா டோலிதான் கட்டணும். டோலி என்ற சொல்லைக் கேட்டதும் பவுனுத்தாய் கையில் இருந்த டம்ளரை வைத்த வேகத்தில் அது நசுங்கியே போயிற்று. விழுந்த அன்றைக்கு ஜீப் போக வழியில்லாமல் அவளை டோலியில்தான் இறக்கினார்கள். போர்வையில் தூக்கணாங்கூடு மாதிரி தொங்கவிட்டு, மூங்கிலில் கட்டி, முன்னால் ரெண்டு பேர் பின்னால் ரெண்டு பேர். மழை. முகத்தில் அடிக்குதே என்று மேலே ஒரு வெள்ளைத் துணியை யாரோ போர்த்தினார்கள். எதிரே வேலைக்கு ஏறி வந்த ஆள்கள் ஒதுங்கி நின்று செருப்பைக் கழற்றினார்கள். துணி இடுக்கு வழியாக அவள் கண்ணுக்கு அந்த வெறும் கால்கள் மட்டும் தெரிந்தன, சேறும் அட்டைக்கடி ரத்தமுமாக வரிசையாக. நான் சாகலடான்னு கத்துனேன்யா, மழைச் சத்தத்துல ஒருத்தனுக்கும் கேக்கல. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து முதலில் அதைத்தான் சொன்னாள். இனி என்னை எவனும் தூக்கக் கூடாது. வீட்டுக்குப் போறதுன்னா உக்காந்து போவேன். இல்லேன்னா இங்கயே கெடந்து சாவேன். சொன்னால் சொன்னதுதான், அந்த விஷயத்தில் அவளும் ஒரு ஆக்ஸில்தான்.

அதனால்தான் டயர். யாரிடமும் கேட்கவில்லை, தேனியில் பழைய டயர் குவிந்து கிடக்கிற காம்பவுண்டில் போய் நின்றார், ஏதோ ஒரு பெரிய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டிருந்ததைப் பார்த்தார், கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அமுக்கினார், ஏத்து என்றார். ஏன் பெரியது? மழையில் பாதை ரெண்டு வாய்க்காலாகிவிட்டது. சக்கரம் போகிற இடம் பள்ளம், நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு, அந்த மேட்டில் வண்டியின் அடிவயிறு தட்டும், நடுவில் உருண்டையாகத் தொங்குகிற டிஃபரன்ஷியல் போய் மோதும். டயர் பெருத்தால் அது உயரும். எவ்வளவு உயரும்? டயர் நாலு இஞ்ச் பெருத்தால் அடியில் ரெண்டு இஞ்ச்தான் கிடைக்கும், மற்ற ரெண்டு இஞ்ச் மேலே போய்விடும். ரெண்டு இஞ்ச். ரெண்டு இஞ்சுக்காக மட்கார்டை வெட்டி, ஸ்டாண்டில் சிரிப்பு வாங்கி, மகளிடம் சவால் விட்டு வந்தாயிற்று. இன்னைக்கு ஒருக்கா ஏத்திப் பாக்குறேன், முடியலையா, ரெண்டு பேரும் கீழயே கெடந்துர்றோம், அப்புறம் அந்த வீட்டுப் பேச்சே எடுக்க மாட்டேன். சொன்னது சரியா? கீழே மகள் வீட்டில் பின்பக்கம் ஒரு ரூம், ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த உட்காரல். பேசவே இல்லை. பவுனுத்தாய் பேசாமல் இருப்பது என்றால் அது நோயைவிடக் கெட்டது. மேகம் மரத்துக்கு நடுவில் இறங்கியது. ஓடைக்கல்லில் வண்டி ஏறியது, முன்பு இந்தக் கல்லில் தடார் என்று வயிறு அடிக்கும், இன்றைக்கு ஒரு சத்தம் இல்லை, பெரிய டயர் கல்லை மென்று துப்பிவிட்டுப் போயிற்று. ஹா. வாய்விட்டே சொல்லிவிட்டார். "என்ன மாமா?" "ஒண்ணுமில்லடா." "ஆக்ஸிலு சத்தம் போட்டுச்சோன்னு பாத்தேன்." "நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா வா." அடுத்து மரவேர் குறுக்கே கிடக்கிற இடம். அதுவும் போயிற்று. அதற்கடுத்துச் சேற்றுக்குழி, போன வருஷம் மினிலாரியே மாட்டிக்கொண்ட குழி. அதுவும். கால் துடித்தது. மிதிக்காதே. மிதிக்காதே.

மூச்சுமுட்டி மேடு வந்தது. மலை முழுக்க அதுதான் கடைசி மேடு, அதுதான் மோசம். அதன் அடியில் ஒரு புளித்த வழக்கம் உண்டு: எல்லாரும் இறங்க வேண்டும். டிரைவர் மட்டும் வெறும் வண்டியை வேகம் பிடித்து ஏற்றுவான், மற்றவர்கள் மூச்சிரைக்க நடந்து ஏறி மேலே போய் மறுபடி உட்கார வேண்டும். எஸ்டேட் முதலாளி வந்தாலும் இறங்குவார். மாலையும் கழுத்துமாகக் கல்யாண ஜோடி வந்தாலும் இறங்கும். பத்து மாசக்காரிகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அந்த மேட்டில் இறங்காமல் வண்டியிலேயே ஏறிப் போனது, கீழே ஆஸ்பத்திரியில் செத்து மேலே அடக்கத்துக்குப் போன ஆள்கள் மட்டும்தான். மொக்கராசு வண்டியை நிறுத்தினார். தாகிர் இறங்கினான், ஷாஃப்டைச் சீட்டில் படுக்க வைத்துவிட்டு, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்க ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டான். பவுனுத்தாய் கதவைத் திறந்தாள். "எங்க போற?" "எறங்கணும்ல." "எறங்கி?" "நடப்பேன்." "நடந்துருவியா நீ?" அவள் மேட்டைப் பார்த்தாள். ஊன்றுகோலைப் பார்த்தாள். "உசுரோட இருக்கிறவ உக்காந்து போற மேடாய்யா இது?" என்றாள், குரல் சின்னதாகிவிட்டது. இந்தக் குரலை இவர் கேட்டதே இல்லை. அந்த வெள்ளைத் துணி, அந்தச் செருப்பில்லாத கால்கள், எல்லாம் அவள் கண்ணுக்குள் மறுபடி வந்து வரிசையாக நிற்பது தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். நாலு நல்ல வார்த்தை. "கதவைச் சாத்து" என்றார். அவள் பார்த்தாள். சாத்தினாள்.

நாலு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர்வீல் போட்டார். லோவில் முதல் கியர். கிளட்ச் முழுசாக விட்டாயிற்று, இனி கால் அங்கே போகக் கூடாது. வண்டி மோந்து மோந்து ஏறியது, நல்லது, இன்னும், நல்லது, எஞ்சின் கரகரவென்று ஒரே சுருதியில், பள்ளம் வந்தது, கை தானாக இடது பக்கம் திருப்பியது, ஒரு சக்கரத்தை நடுமேட்டு முதுகிலும் மறு சக்கரத்தைப் பாறை ஓரத்திலும் வைத்து ஏறுகிற வழி, இந்த மலை டிரைவர்கள் எல்லாரும் போகிற வழி, இவரே நாலு பேருக்குக் காட்டிக்கொடுத்த வழி, கை யோசிக்கவே இல்லை, வண்டி சாய்ந்தது, பவுனுத்தாய் இவர் தோள் மேல் சரிந்தாள், வானம் கண்ணாடியில் சாய்ந்தது, பின்னால் ஒரு சக்கரம் தரையை விட்டது. விர்ர்ர். காற்றில் சுற்றுகிற சத்தம். மிதி. மிதி. மிதித்துப் பாய்ந்துவிடு, பாய்ந்தால் மேலே, இதற்கு முன்பு எத்தனை தடவை பாய்ந்திருக்கிறாய், காலின் தசை இறுகிவிட்டது, இறுகிவிட்டது, கீழிருந்து தாகிர் கத்துகிறான், "மாமா காலை எடு! காலை எடு மாமா!" சுற்றிக்கொண்டிருக்கையில் தரை கிடைத்தால். ஒடிந்தால். ஒடிந்தால் பின்னோக்கித்தான், ஹேண்ட் பிரேக் இந்த டயரைப் பிடிக்காது, இடது பக்கம் கிடுகிடு பள்ளம், அவள் இருக்கிறது இடது பக்கம். எடுத்தார். காலை எடுத்தார். யாரோ காலில் இருந்து ஆணியைப் பிடுங்கின மாதிரி இருந்தது. சக்கரம் சுற்றுவது நின்று மெதுவாக மண்ணில் உட்கார்ந்தது, ஒரு சின்ன டக், அவ்வளவுதான். பிரேக். தாகிர் ஓடிவந்து கல்லைப் போட்டான்.

எஞ்சின் மட்டும் முனகுகிறது. பவுனுத்தாய் இன்னும் தோளில்தான் இருந்தாள், அவள் தலையில் மகள் வீட்டு ஷாம்பு வாசனை. நகரவில்லை. இவரும் நகரவில்லை. முடியலையா. ரெண்டு பேரும் கீழயே கெடந்துர்றோம். ஜன்னல், சுவர். சே. தோற்றதற்கு ஆக்ஸில் காரணம் இல்லை, அதுதான் முழுசாக நிற்கிறதே, டயரும் காரணம் இல்லை. பிறகு எது? கண்ணாடி வழியாகப் பாதையைப் பார்த்தார். ரெண்டு வாய்க்கால், நடுவில் முதுகு. முதுகின் மேல் ஏறி நிற்கிறோம். ஏன் ஏறினோம்? அடிவயிறு தட்டும் என்று. எந்த வண்டியின் அடிவயிறு? பழைய டயர் போட்ட வண்டியின் அடிவயிறு. அட கிறுக்கா. அட மொக்கராசு கிறுக்கா. ரெண்டு இஞ்ச் உயரம் வாங்கினது எதற்கு? பள்ளத்துக்குள்ளேயே இறங்கிப் போவதற்கு. பெரிய டயரை மாட்டிக்கொண்டு சின்ன டயரின் வழியில் ஏறியிருக்கிறாய், ஸ்டாண்டில் சிரித்தவன் இதைப் பார்த்திருந்தால் வயிறு வெடித்துச் செத்திருப்பான். "பின்னால எறக்கப் போறேன்" என்றார். "யய்யா, வேணாம்யா" என்றாள் அவள். பின்னோக்கி வருவது இந்த மலையில் டிரைவருக்குச் சாவுக்குச் சமம், மூச்சுமுட்டியில் பின்னோக்கி இறங்கினவன் என்று பெயரே வைத்துவிடுவார்கள், இவரே ரெண்டு பேருக்கு வைத்திருக்கிறார். வைக்கட்டும். "தாகிரு, கல்லை எடுத்துட்டு ஒதுங்கி நில்லு." ரிவர்ஸ் கியர் போட்டு, எஞ்சினே பிடித்து இறக்க விட்டார், கிளட்சை அமுக்கி உருள விடுகிற முட்டாள் வேலை இல்லை, ஒரு சாண், ஒரு முழம், கிழவன் படி இறங்குவது போல. இறங்கியாயிற்று. யாரும் சாகவில்லை.

மறுபடி முதல் கியர். இந்தத் தடவை கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார், திருட்டுக் கை, இடது பக்கம் போகப் பார்த்தது, போகவிடவில்லை. நேராகப் பள்ளத்துக்குள். நாலு டயரும் ரெண்டு வாய்க்காலிலும் இறங்கி உட்கார்ந்தன. சாய்வு இல்லை. பவுனுத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நடுமேடு வண்டிக்கு அடியில் வந்தது, வருகிறது, இப்போது தட்டும், இப்போது, அடியில் புல் நுனி உரசுகிற சத்தம், சர்ர்ர், புல் மட்டும்தான், மண் இல்லை, கல் இல்லை. புல்! ரெண்டு இஞ்ச்! காலே, சும்மா இரு, ராசா, சும்மா இரு. டயர் தன் ரப்பர்ப் பல் ஒவ்வொன்றாக மண்ணைக் கவ்வியது, கவ்வி விட்டது, கவ்வி விட்டது, இவ்வளவு மெதுவாக ஒரு வேலையைத் தன் ஆயுசில் செய்ததில்லை, இவ்வளவு மெதுவாகப் போனால்தான் இந்த மேட்டில் இத்தனை பெரணிச் செடி இருப்பதே தெரிகிறது, பாறையில் தண்ணீர் கசிகிறது, ஒரு நண்டு போகிறது, நண்டே முந்திப் போகிறது, போகட்டும். கடைசி வளைவு. முன்டயர் மட்கார்டை உரசி அழுதது, முழுசாகத் திருப்பாதே, திருப்பின நிலையில் இழுத்தால் முன்னால் ஒடியும், கொஞ்சம் நேராக்கு, இழு, கொஞ்சம் திருப்பு, இழு. கண்ணாடியில் மண் போயிற்று, மரம் போயிற்று, வானம் வந்தது, வெறும் வானம், பிறகு வண்டியின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. சமதரை. ஏறியாயிற்று. பவுனுத்தாய் திரும்பி மேட்டைப் பார்த்தாள், பிறகு தன் ரெண்டு கையையும் பார்த்தாள், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "உக்காந்துக்கிட்டே வந்துட்டேன்" என்றாள். "பெறகு? நின்னுக்கிட்டா வருவ?" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கதவில் மோதித் தடதடத்தது. கீழே தாகிர் மூச்சு முட்டி ஏறி வந்துகொண்டிருந்தான், கல் இன்னும் கையில்தான் இருந்தது. "ஒடையலையா?" என்றான். "கவலைப்படாத மாப்ள, எறங்கும்போது ஒடைக்கிறேன்."

வீட்டு முன்னால் போய் நின்றபோதுதான் புதுத் தொல்லை. வண்டி உயர்ந்துவிட்டது. டயர் கொடுத்த உயரம் அடிவயிற்றுக்கு மட்டுமா, அவள் கால் வைக்கிற இடத்துக்கும்தான். கீழே ஏறும்போது மகள் வீட்டு வாசற்படி இருந்தது, படியிலிருந்து நேராகச் சீட்டுக்கு வந்துவிட்டாள். இங்கே தரை எங்கோ இருந்தது. கம்பி வைத்த இடுப்போடு குதிக்கவா முடியும்? பக்கத்து வீட்டு வீராயி ஓடிவந்தாள், "வந்துட்டியா மதினி, இந்தா, நாலு பேரு புடிச்சோம்னா அலுங்காமத் தூக்கி எறக்கிரலாம்" என்று கையை நீட்டினாள். பவுனுத்தாய் முகம் கல்லாயிற்று. "எவளாவது மேல கை வச்சீங்க, வண்டியத் திருப்பச் சொல்லிருவேன்." "என்ன மதினி நீயி, தூக்குனா தேஞ்சா போவ?" "தூக்கக் கூடாது. அவ்வளவுதான்." எல்லாரும் மொக்கராசுவைப் பார்த்தார்கள். இவ்வளவு தூரம் வந்து இந்த ஒரு முழத்திலா? வாய் வரைக்கும் வசவு வந்தது. பிடிவாதம் பிடிச்ச சிறுக்கி. விழுங்கினார். சுற்றிலும் பார்த்தார். வீட்டுக்குப் பக்கவாட்டில், மலையை வெட்டி வீடு கட்டினபோது விட்ட மண்கரை, மேலே கொல்லைக்குப் போகிற தடம். கரையின் உயரம் தொடையளவு. சீட்டுக்கு அடியில் கால் வைக்கிற தகட்டின் உயரம்? பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. பழைய டயரில் எட்டாது. இதில் எட்டும். ரிவர்ஸ் போட்டார். "தாகிரு, நீ சொல்லாத. அவ சொல்லட்டும்." அவள் கதவைத் திறந்து தலையை நீட்டிக் கரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "வா... வா... இன்னும் வா... ஏ மெதுவாய்யா... ஒரு சாணு... நாலு வெரக்கடை... வா... ம். போதும்." வண்டியின் இடுப்பு கரையோடு ஒட்டி நின்றது, நடுவில் ஒரு தாள் நுழையாது. ஊன்றுகோலை எடுத்துக் கரையில் வைத்தாள், அமுக்கிப் பார்த்தாள், ஒரு காலை வைத்தாள், பிறகு மறு காலை. வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிற மாதிரி வண்டியிலிருந்து தன் மண்ணுக்குப் போனாள். யாரும் தொடவில்லை. நின்றாள். மூச்சு விட்டாள். "வீராயி, என் செவலைக்கோழிய எங்கடி?" என்று கத்திக்கொண்டே தடத்தில் நடந்தாள், டக், டக் என்று ஊன்றுகோல். மொக்கராசு சீட்டிலேயே இருந்தார். வலது கால் கெண்டைச் சதை ஆடிக்கொண்டிருந்தது, கையால் அழுத்தினாலும் நிற்கவில்லை. காலையிலிருந்து அதை அடக்கி அடக்கி வைத்தது எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தது. கியரை எடுத்து நியூட்ரலில் போட்டார். ஒருமுறை ஆட்டிப் பார்த்தார், நியூட்ரல்தான். பிறகு மிதித்தார். தரையோடு தரையாக, அடி வரைக்கும், ஒரே மிதி. எஞ்சின் அலறியது, புகை கிளம்பியது, கோழிகள் சிதறின, தாகிர் காதைப் பொத்திக்கொண்டு என்னவோ கத்தினான், எதிர்மலையிலிருந்து அந்த அலறல் அப்படியே திரும்பி வந்தது. "யோவ்! என்னய்யா கிறுக்குப் புடிச்சிருச்சா, அடங்குய்யா!" என்று மேலே தடத்தில் நின்று பவுனுத்தாய் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினாள், ஊன்றாமலே நின்றாள். அவர் இன்னொரு மிதி மிதித்தார்.